கருத்தடைக்கு அப்பால் யார் கேட்கிறார்கள்? செவிலியர்களுக்கான பாலியல் நல ஆலோசனைப் பயிற்சி குறித்து

பேறுகால ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் கல்லூரி ஒன்றில் மகப்பேறு செவிலியம் கற்பித்து வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் செவிலியர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும், நோயாளிகளிடம் பாலியல் நலம் பற்றிப் பேசுவதற்கென மூன்று நாள் பயிற்சி ஒன்றை வடிவமைத்துத் தருமாறு எங்கள் துறையிடம் கேட்டிருக்கிறார்கள். பாடக்குறிப்புகளைத் தொகுப்பது சிரமமான வேலை இல்லை. பயிற்சி முடிந்து தம் நிலையத்துக்குத் திரும்பும் செவிலியர், அடுத்த செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனையின்போது ஒரு பெண்ணிடமாவது வாய் திறந்து கேட்பாரா என்பதுதான் என் கவலை. களத்தில் இருப்பவர்களின் கருத்தை நாடியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஒரு தாய் கருவுற்றதைப் பதிவு செய்த நாளிலிருந்து குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடிக்கும் வரை எத்தனையோ முறை செவிலியரின் முன்னால் வந்து அமர்கிறாள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை என்று அத்தனையும் பார்த்து எழுதிக்கொள்ளும் நாம், கணவரோடு சேர்ந்திருப்பதில் வலியோ அச்சமோ இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். நாம் கேட்கட்டும் என்று அவள் காத்திருக்கிறாள்.

பாடத்திட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்திய செவிலியர் மன்றம் 2021இல் கொண்டுவந்த பருவமுறைப் பாடத்திட்டத்தில், செவிலியத்தின் அடிப்படைகள் என்ற தாளிலேயே பாலியல் வளர்ச்சி, பாலியல் நலம், பாலீர்ப்பு, பாலியல் தொற்றுத் தடுப்பு ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. மாணவிகள் அவற்றைப் படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஆசிரியர் ஒருவர் உண்மையான நோயாளியிடம் இதைப் பற்றிக் கேட்பதை அருகில் நின்று பார்த்த மாணவி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஊசி போடுவதைப் பார்த்துப் பழகுகிறார்கள், பிரசவம் பார்ப்பதைப் பார்த்துப் பழகுகிறார்கள். இதை மட்டும் புத்தகத்தைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரம்ப நிலைப் பணியாளர்கள் வழக்கமான சந்திப்பின்போதே சுருக்கமாகப் பாலியல் நலம் பேசலாம் என்கிறது. கவனித்தல், பேச்சுக்கு வழிவிடும் கேள்வியைக் கேட்டல், அவருடைய தனிப்பட்ட சிக்கலைக் கண்டறிதல், தகவல் தருதல் என்ற நான்கு பகுதிகளாக அதை விளக்குகிறது. இதற்கு முன்பே, 1976இல், அமெரிக்க உளவியலாளர் ஜாக் அன்னான் நான்கு படிகளை வகுத்தார். முதல் படி, இதைப் பற்றி இங்கே பேசலாம் என்ற அனுமதி. அடுத்தது, அளவான தகவல். மூன்றாவது, அவருடைய நிலைமைக்கு ஏற்ற குறிப்பான யோசனை. கடைசிப் படியே ஆழமான சிகிச்சை; அது சிறப்புப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. முதல் இரண்டு படிகளைத் தாண்டாத செவிலியரேகூடப் பெரும்பாலானோருக்குப் போதும் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன? முதல் நாளில் எதைக் கற்பிப்பீர்கள்?

கிராமச் செவிலி எழுதியது:

வணக்கம் மேடம். துணை சுகாதார நிலையத்தில் நெடுங்காலமாகப் பணிபுரிகிறேன். முதல் நாளில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், நாங்கள் இப்போது எதைப் பேசுகிறோம் என்பதையும் ஏன் பேசுகிறோம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

எங்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. கருத்தடை முறைகளான காப்பர் டி, நிரோத் ஆணுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, வாரத்துக்கு இரண்டாகத் தொடங்கி மூன்று மாதம் கழிந்தபின் வாரம் ஒன்றாகக் குறைக்கும் சாயா மாத்திரை ஆகியவற்றை மாமியார் பக்கத்தில் இருந்தாலும் தடையின்றி விளக்கிவிடுவோம். பதிவேட்டில் அவற்றுக்குக் கட்டம் இருக்கிறது. மாதாந்திரக் கூட்டத்தில் அவற்றைக் கேட்பார்கள். வலியைப் பற்றி, விருப்பமின்மையைப் பற்றி, கணவரின் வற்புறுத்தலைப் பற்றி எழுதக் கட்டம் கிடையாது; ஆகையால் பேச்சும் கிடையாது.

இதன் விளைவை ஓர் இடத்தில் தெளிவாகக் காணலாம். நம் மாநிலத்தில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது பிரசவத்தோடு, இருபத்தைந்து இருபத்தாறு வயதில், அந்தப் பெண் 'முடித்துக்கொண்டவர்' ஆகிவிடுகிறார். அதன்பின், கருத்தடை தேவைப்படும் தம்பதியரைப் பதியும் 'தகுதியான தம்பதியர்' பதிவேட்டைப் பொறுத்தவரை அவரிடம் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. இன்னும் இருபது, முப்பது ஆண்டு இல்லற வாழ்க்கை அவருக்கு இருக்கிறது. வெள்ளைப்படுதல், உலர்வு, வலி, கணவருக்குச் சர்க்கரை நோய் வந்தபின் ஏற்படும் மாற்றம், மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிக்கல் என்று எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவர் எங்களிடம் 'இடுப்பு வலி சிஸ்டர், அசதியாக இருக்கிறது' என்று சொல்லி வருவார். நாங்கள் கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்புவோம்.

அடுத்தது தனிமை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மாமியாரையும் நாத்தனாரையும் ஆஷா பணியாளரையும் அகற்றிவிட்டு ஒரு கர்ப்பிணியிடம் தனியாகப் பேசுவது எளிதன்று. வயிறு பார்ப்பதற்காகத் திரைக்குப் பின்னால் அழைத்துச் செல்லும் அந்தச் சில நிமிடங்கள்தான் எங்களுக்குக் கிடைப்பவை. மாமியார் திரைக்கு வெளியே நிற்பார்; உள்ளே நாங்கள் இருவர் மட்டும். உங்கள் பயிற்சியில் அந்தத் திரைக்குள் நடக்கும் பேச்சை ஒத்திகை பார்க்க வையுங்கள். நட்சத்திர விடுதியின் கூட்ட அரங்கில் எதிரெதிரே நாற்காலி போட்டு நடத்தும் ஒத்திகை எங்கள் ஊருக்கு உதவாது.

தாய்வீட்டு வழக்கத்தையும் மறக்காதீர்கள். ஏழாம் மாத வளைகாப்புக்குப் பின் தாய்வீட்டுக்குப் போகும் பெண், குழந்தைக்கு மூன்று அல்லது ஐந்து மாதமானதும் கணவர் வீட்டுக்குத் திரும்புகிறாள். பிரசவித்த ஊரின் செவிலியர் சொன்ன ஆலோசனை அங்கேயே நின்றுவிடும். திரும்பிவந்த ஊரின் செவிலியருக்கோ தடுப்பூசி அட்டை மட்டுமே கண்ணில் படும். பால் கொடுக்கும் வரை கரு தரிக்காது என்ற நம்பிக்கையோடு அவள் திரும்புகிறாள். ஆறு மாதத்துக்குள், மாதவிடாய் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தந்தால்தான் அது செல்லும் என்று எடுத்துச் சொல்ல அந்த வாரத்தில் ஆளில்லை.

மகப்பேறு மருத்துவர் எழுதியது:

கிராமச் செவிலி அவர்கள் திரைக்குப் பின்னால் பேசலாம் என்கிறார். அந்த இடத்தின் அருமை எனக்கும் தெரியும். ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன்: படுத்த நிலையில், சேலை விலகியிருக்கும் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அந்நிலையில் இருக்கும் பெண் எதற்கும் 'ஒன்றுமில்லை' என்றே சொல்வாள். பரிசோதனையை முடித்து, அவள் எழுந்து உட்கார்ந்து உடையைச் சரிசெய்துகொண்டபின், இருவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்போது கேட்க வேண்டும். கூடுதலாக ஒரு நிமிடம் ஆகலாம். அதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. ஆலோசனை என்ற பெயரில் நம் மருத்துவமனைகளில் நடப்பதில் பெரும்பகுதி வற்புறுத்தலே. பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ காப்பர் டி பொருத்துவது மருத்துவ அளவில் நல்ல முறை. நானே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் அதற்கான ஒப்புதலைக் கர்ப்ப காலத்திலேயே பேசிப் பெற்றிருக்க வேண்டும். வலி எடுத்துக் கத்திக்கொண்டிருக்கும் பெண்ணிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, பதிவேட்டில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இலக்கை நிரப்பப் பழகிய நாக்கு, பாலியல் நலம் என்ற புதிய தலைப்பின் கீழும் இலக்கைத்தான் பேசும். ஆகவே உங்கள் பயிற்சியில், 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு பேச்சை முடிப்பது எப்படி என்பதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

எல்லையையும் தெளிவாக வகுத்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் உறவின்போது ஏற்படும் வலி நல்ல எடுத்துக்காட்டு. தாய்ப்பால் தரும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதால் உலர்வு இருக்கும், அது இயல்பு, போகப் போகச் சரியாகும், அவசரப்பட வேண்டியதில்லை என்று செவிலியரே சொல்லலாம். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குப் பசையைப் பரிந்துரைக்கலாம். அதோடு, நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் என்பதால், லேடெக்ஸ் ஆணுறையோடு அதைப் பயன்படுத்தினால் உறை வலுவிழந்து கிழியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு மருத்துவர் தேவையில்லை. தையல் போட்ட இடத்தில் மாதங்கள் கடந்தும் வலி, ரத்தக்கசிவு, திருமணமாகி ஆண்டுக்கணக்கில் உறவே நிகழாமை, கட்டாய உறவு ஆகியவை மேலே அனுப்பப்பட வேண்டியவை. இவற்றில் உறவே நிகழாமை எங்களிடம் எப்படி வருகிறது தெரியுமா? குழந்தையின்மைக்கான பரிசோதனைத் தாள்களோடு வருகிறது. மணமான மூன்றாம் மாதத்திலிருந்து 'விசேஷம் உண்டா' என்று கேட்கும் சுற்றம், உறவு நடந்ததா என்ற கேள்விக்கு இடமே வைப்பதில்லை. ஸ்கேன், ஹார்மோன் சோதனை, விந்துப் பரிசோதனை என்று எல்லாம் முடித்துவிட்டு வரும் தம்பதியிடம் அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வடமராட்சிக் குடும்பநல மாது எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். இலங்கையின் வடக்கில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் குடும்பநல மாதாக, உங்கள் கிராமச் செவிலியரைப் போன்ற பொறுப்பில், கடமையாற்றுகிறேன். எங்களுடைய பயிற்சி ஒன்றரை வருடம்; அதன்பின் ஒரு குறிப்பிட்ட பிரதேசம் எங்கள் பொறுப்பில் வரும். வீடு வீடாகப் போகிறவர்கள் என்பதால் எங்களைத் தெரியாத குடும்பம் அந்தப் பிரதேசத்தில் இராது.

கிராமச் செவிலி அக்கா சொன்ன இருபது, முப்பது வருட இடைவெளியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் நாட்டில் 1996இல் 'நலமான பெண்கள் கிளினிக்' தொடங்கப்பட்டது. முப்பத்தைந்து வயதான பெண்களைக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கும் மார்பகப் பரிசோதனைக்கும் அழைக்கிறோம். பிள்ளை பெறும் காலத்தைக் கடந்துகொண்டிருக்கும் பெண்ணொருத்தி எங்களிடம் வருவதற்கு அதிகாரபூர்வமான ஒரு காரணம் அதனால் கிடைத்தது. புற்றுநோய்ப் பரிசோதனைக்கு என்று சொல்லி வருபவர்கள், உடை மாற்றிக்கொண்டு புறப்படும் நேரத்தில் கதவடியில் நின்று, 'மிஸ்ஸி, இன்னொன்று கேட்கலாமோ' என்பார்கள். அவர்கள் உண்மையில் கேட்க வந்தது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். உங்கள் ஊரிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்கிறது என்றால், அந்த மேசையிலிருந்து தொடங்குவது உங்களுக்கும் இலகுவாக இருக்கும்.

புதுமணத் தம்பதியரைக் கர்ப்பத்துக்கு முந்திய பராமரிப்புக்காக அழைக்கும் வழக்கமும் எங்களிடம் உண்டு. போலிக் அமிலம், ருபெல்லா தடுப்பூசி, எடை, சீனி வியாதி ஆகியவற்றைப் பற்றிய அழைப்பு அது. கணவரும் மனைவியும் ஒன்றாக வந்து அமரும் சந்தர்ப்பம் என்பதால் மற்ற விடயங்களையும் அங்கே மெதுவாகத் தொடலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே கிராமத்தில் வசிப்பது எங்களுக்குப் பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த விடயத்தில் அதுவே தடையாகவும் இருக்கிறது. நாளை கோயில் திருவிழாவில் நேருக்கு நேர் சந்திக்கப் போகிற ஒருத்தியிடம் தன் படுக்கையறைக் கதையைச் சொல்ல யார் விரும்புவார்? சொன்ன பேச்சு வெளியே போகாது என்ற நம்பிக்கையைக் கட்டியெழுப்ப வருடங்கள் ஆகின்றன. ஒரு தரம் வெளியே போனால் அந்தப் பிரதேசத்தில் அவ்வளவுதான்.

ஆண் செவிலியர் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் பெண் நோயாளியைப் பற்றியே பேசியிருப்பதைக் கவனித்தேன். நான் தொற்றா நோய்ப் பிரிவில் பணியாற்றுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. மாத்திரை வீடு போய்ச் சேர்ந்தும் அழுத்தம் குறையாத ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள், விழுங்க மாட்டார்கள். காரணம் கேட்டால் மறதி என்பார்கள். அட்டெனலால், தயாசைடு வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு விறைப்புத்தன்மையைக் குறைக்கக்கூடும். சர்க்கரை நோயும் நாளடைவில் அதையே செய்யும். 'இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சிலருக்கு உறவில் சிரமம் வருவதுண்டு, உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டபின் உண்மையைச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை மருத்துவர் மாற்றிக் கொடுத்ததும் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினார்கள். அத்துடன், விறைப்புக் குறைபாடு இதயநோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் இதை வெறும் கூச்சப் பேச்சு என்று தள்ளிவிடுவது மருத்துவ ரீதியாகவே தவறு.

இவர்கள் நம்மிடம் கேட்காவிட்டால் எங்கே போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களின் சுவரொட்டி இல்லாத பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் உண்டா? இளமையில் செய்த தவறு என்று அச்சுறுத்தி, லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் தயங்காமல் பேசுகிறார்கள், நாம் தயங்குகிறோம். கூட்டம் அங்கே போவதில் வியப்பில்லை. கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சியோ ஆண்மைக் குறைவோ வராது என்ற ஒரே வாக்கியத்தை, முகத்தில் சிரிப்போ சுளிப்போ இல்லாமல் சொல்லப் பழகினாலே பல இளைஞர்களின் பணமும் நிம்மதியும் மிஞ்சும்.

ஆசிரியை அவர்களே, உங்கள் பயிற்சியில் ஆண் செவிலியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் செவிலியர்கள் ஆண் நோயாளியிடம் பேசும் பயிற்சியும் அதில் இருக்கட்டும். சீண்டலுக்காகவே கேள்வி கேட்பவர்களும் வருவார்கள். அவர்களைச் சத்தம் போடாமல் வெட்டிவிடும் முறையும் சொல்லித்தரப்பட வேண்டும். அந்தப் பயம் இருக்கும் வரை எந்தச் செவிலியரும் பேச்சைத் தொடங்க மாட்டார்.

கிராமச் செவிலி எழுதியது:

தம்பி சொன்னது முற்றிலும் சரி. அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கருப்பைவாய் அழற்சிக்கு நாம் கொடுக்கும் சாம்பல் நிறப் பொட்டலத்தில் அசித்ரோமைசின் ஒரு கிராமும் செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும் இருக்கும். உறவால் பரவும் தொற்று என்பதால் கணவருக்கும் அதே பொட்டலம் தரப்பட வேண்டும் என்பது விதி. இரண்டு பொட்டலத்தையும் மனைவியின் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவள் அதை வீட்டில் எப்படி நீட்டுவாள்? 'எனக்கு எதற்கு மருந்து, நீ எங்கே போய் வாங்கி வந்தாய்' என்று அவன் கேட்டால் என்ன சொல்வாள்? பாதிப் பேர் கணவருக்கான பொட்டலத்தை வழியிலேயே எறிந்துவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். அடுத்த மாதம் அதே தொந்தரவோடு திரும்பி வருவார்கள். மருந்தின் பெயரை எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவர்கள், அதை வீட்டுக்குக் கொண்டு போகும் பெண்ணுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்பதைக் கற்றுத்தரவில்லை.

வழக்குரைஞர் எழுதியது:

சட்டம் தொடர்பாக ஒரு குறிப்பு. பயிற்சியில் இதற்கு இடம் ஒதுக்காவிட்டால் செவிலியர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அத்தகைய பாலியல் உறவு நடந்திருப்பதை அறியும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 19 கூறுகிறது. தெரிவிக்கத் தவறினால் பிரிவு 21இன் கீழ் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பெண் திருமணமானவள் என்பதால் விலக்குக் கிடைக்காது; 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது. ஆகவே பதினேழு வயதுக் கர்ப்பிணி ஒருத்தி பதிவுக்கு வந்தால் செவிலியர் தகவல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

மறுபுறம், 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. இரண்டுக்கும் இடையிலான முரணை 29 செப்டம்பர் 2022 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஓரளவு தீர்த்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போக்சோவின் கீழ் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று கூறியது. இந்தச் சலுகை மருத்துவருக்கும் கருக்கலைப்புச் சூழலுக்கும் உரியது என்பதைச் செவிலியர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதைப் பொறுத்தவரை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே கட்டுப்பாடு விதிக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்கும்படி 'பாசிட்டிவ் கேஸ்' என்று கூப்பிடுவது அதற்கு எதிரானது.

என்னுடைய யோசனை இதுதான். வயது குறைந்தவர் என்று தெரிந்தால், கேள்வி கேட்பதற்கு முன்பே, எதை நான் ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை வைத்திருக்க முடியாது என்பதைச் செவிலியர் சொல்லிவிட வேண்டும்.

கிராமச் செவிலி எழுதியது:

வக்கீல் ஐயா, சட்டப்படி நீங்கள் சொல்வது முறைதான். நடைமுறையில் அப்படிச் சொன்ன மறுநிமிடமே அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள். எங்களிடம் வராதவள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவாள். ரத்தப்போக்கோடு அவள் மருத்துவமனைக்கு வரும்போதாவது வழக்கு பதியப்படும் என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. சொல்லாமல் கேட்டுவிட்டுப் பின்னர் புகார் கொடுத்தாலோ, அது அவளுக்குச் செய்யும் துரோகம். அந்த ஊரில் இனி எந்தப் பெண் பிள்ளையும் எங்களை நம்பாது. இரண்டில் முதலாவதே குறைந்த தீமை என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் விதம் மிரட்டலாக இருக்கக் கூடாது. முதல் மாதவிடாய், சுகாதாரம், ரத்தசோகை ஆகியவற்றை எந்த நிபந்தனையுமின்றிப் பேசிப் பழகியபின், தனிப்பட்ட கேள்விக்குள் நுழையும் இடத்தில் அதைச் சொன்னால் போதும் என்பது என் அனுபவம்.

இரண்டு பிள்ளைகளின் தாய் எழுதியது:

நான் செவிலியர் அல்லேன். நோயாளியாக மட்டும் இரண்டு விஷயம் எழுத அனுமதியுங்கள்.

இரண்டாவது பிரசவம் முடிந்து பெரிய வார்டு ஒன்றில் இருந்தேன். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த செவிலியர், நான்கு கட்டிலுக்கு அப்பாலிருந்தே, 'என்னம்மா, வீட்டுக்காரரைத் தள்ளி இருக்கச் சொல்லியிருக்கிறதா, இல்லையென்றால் அடுத்த வருஷமும் வந்து நிற்பாய்' என்றார். வார்டே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. இரவெல்லாம் என் குழந்தைக்குப் பால் குடிக்கப் பழக்கியவரும் அவரே. ஆனால் எனக்கு உண்மையில் கேட்க வேண்டியிருந்ததை அதன்பின் அவரிடம் கேட்கவே இல்லை. தையல் போட்ட இடத்தின் வலி ஏழெட்டு மாதம் நீடித்தது. கணவரிடம் சொல்லச் சங்கடப்பட்டு, சண்டை வந்து, கடைசியில் தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனேன்.

மற்றொன்று. கேட்பதாக இருந்தால் பதிலைக் கேட்க நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள். கணினியில் தட்டச்சு செய்துகொண்டே 'வேறு ஏதாவது பிரச்சினை உண்டா' என்று கேட்டால் எவளும் சொல்ல மாட்டாள். இப்போது நேரமில்லை, வியாழக்கிழமை வாருங்கள், தனியாகப் பேசலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் நான் நிச்சயம் போயிருப்பேன்.

பேறுகால ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் திட்டத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றங்களை இங்கே வைக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

உடற்கூறு, தொற்று வகைகள் ஆகிய பாடங்களைச் சிறு கையேடாக முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். முதல் நாள் முழுவதும் செவிலியரின் சொந்த மனத்தடைகளுக்கு. தனித்து வாழும் பெண், மணமாகாத கர்ப்பிணி, பாலியல் தொழிலாளி, திருநங்கை, தன்பாலீர்ப்பாளர் ஆகியோர் எதிரில் வந்து அமரும்போது நம் முகம் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்கப்போகிறேன். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தன்பாலீர்ப்புப் பெண்கள் இருவரின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பெழுதுவதற்கு முன் உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டதை வெளிப்படையாகவே பதிவு செய்தார். நீதிபதிக்கே தேவைப்பட்டது என்றால் நமக்கும் தேவைப்படுவதில் வெட்கமில்லை என்று சொல்லித் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

இரண்டாம் நாள் ஒத்திகை மட்டுமே. திரையும் பரிசோதனைக் கட்டிலும் போட்டு, மருத்துவர் சொன்னபடி நோயாளி எழுந்து உட்கார்ந்தபின் பேச்சைத் தொடங்குவது, சாம்பல் நிறப் பொட்டலத்தோடு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டவரிடம் கேட்பது, 'வேண்டாம்' என்பவரிடம் பேச்சை முடிப்பது, சீண்டுபவரை வெட்டிவிடுவது, நேரமில்லாத நாளில் வேறு நாள் குறித்துக் கொடுப்பது. ஒவ்வொரு செவிலியரும் ஒருமுறையாவது நோயாளியாக நடிக்க வேண்டும். கட்டாய உறவோ அடியோ வெளிப்பட்டால் செய்ய வேண்டியதும், 181 என்ற உதவி எண்ணும், ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பும் வழியும் அன்றே சொல்லித்தரப்படும். கேட்டுவிட்டுக் கைவிடுவதைவிடக் கேட்காமலிருப்பதே மேல் என்பதால் இதை விட முடியாது.

மூன்றாம் நாளை அரங்கில் நடத்தப்போவதில்லை. செவிலியர்கள் தம் நிலையத்துக்கே திரும்பிச் செல்வார்கள். நாங்கள் அங்கே வந்து, அவர்கள் உண்மையான நோயாளியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதை, நோயாளியின் ஒப்புதலோடு, அருகிலிருந்து பார்த்துத் திருத்துவோம். கருப்பைவாய்ப் பரிசோதனை மேசையை முதல் இடமாக எடுத்துக்கொள்கிறேன். வடமராட்சியிலிருந்து எழுதிய தங்கைக்கு அதற்காகத் தனி நன்றி.

மகப்பேறு மருத்துவர் எழுதியது:

நல்ல மாற்றங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்தந்த நிலையத்தின் மருத்துவ அலுவலரையும் முதல் நாள் காலையிலாவது உட்கார வையுங்கள். செவிலியர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் வெளியே வரிசை நீள்வதாகச் சொல்லி அவரை அழைப்பவர்கள் எங்களவர்களே. செவிலியர் மேலே அனுப்பும் நோயாளியைத் தாமும் கேலி செய்யாமல் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியட்டும்.

கிராமச் செவிலி எழுதியது:

டாக்டர் சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே, மாதாந்திரக் கூட்டத்தில் இதற்கொரு எண்ணிக்கை கேட்க மாட்டோம் என்று மாவட்ட அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள் மேடம். எத்தனை பேரிடம் பாலியல் நலம் பேசினீர்கள் என்று கட்டம் போட்டுக் கேட்கத் தொடங்கினால், ஒருவரிடமும் பேசாமலேயே நாங்கள் நூறு எழுதிவிடுவோம்.

ஒத்திகையில் திரைக்கு வெளியே நிற்கும் மாமியாராக நடிக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். எனக்கு நன்றாக வரும்.